மூன்றாம் டிவிஷனுக்கு மேலே ஒரு கோடு

ஜூன் 4

கோமதி இந்த நோட்டை மேசையில் தூக்கிப் போட்டு, “காலையிலேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரைத் திட்டிட்டே இருக்கீங்க. எல்லாத்தையும் இதுல எழுதித் தொலைங்க, என் காதை விட்ருங்க” என்றாள். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்லி மாளவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ரிட்டையரான டாக்டர்கள், பாங்க் அதிகாரிகள். நிஜ விமானி மாதிரி பிடி, மிதி எல்லாம் வாங்கி மேசையில் மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். ஜன்னலுக்குக் கீழே தெரிகிற ஊர் அச்சு அசலாக இருக்க வேண்டும் அவர்களுக்கு. அதற்காகச் சாட்டிலைட் படத்தை வாங்கி, மேடு பள்ளத்தின் மேல் அதைப் போர்த்தி, மேகத்தையும் கறையையும் நீக்கி, மரமும் வீடும் நட்டுக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷம் காந்திபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் டச்சப் போட்டவன் நான். மணப்பெண் கன்னத்துப் பரு, மாப்பிள்ளை நெற்றித் தழும்பு, எத்தனையோ என் கையில் மறைந்திருக்கின்றன. இப்போது மலைக்கு டச்சப்.

இந்த முறை எடுத்திருப்பது ஏழருவி எஸ்டேட். நான் பிறந்த இடம். வெள்ளைக்காரத் துரை தன் குட்டி விமானத்துக்காகப் போட்ட ஓடுதளம் ஒன்று அங்கே புல் மண்டிக் கிடக்கிறது. சுற்றிலும் மலை, இறங்குவது கஷ்டம். அதனாலேயே இந்த ஆட்களுக்கு அது அல்வா மாதிரி. சென்னையில் இவர்களுக்குக் குழு நடத்துகிறவர் மாசக் கடைசிக்குள் வேண்டும் என்கிறார். வந்த படத்தில் பாதி மேகம். சனியன்.

ஜூன் 9

அக்காவிடம் ஒரு மணி நேரம் போன். எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனில் தொழிலாளர் லைன் வீடு எத்தனை, எந்தக் கூரை தகரம், எந்தக் கூரை ஓடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். இரண்டு வரிசை, இருபத்து நாலு வீடு. பேச்சியக்கா பன்னிரண்டாவது வீட்டில், மகள் செங்கொடியோடும் மருமகன் ஜெயபாலனோடும் இருக்கிறாள். செங்கொடி இலை பறிக்கிறாள். அவன் ஃபேக்டரியில். இறந்துபோன அத்தான் யூனியன்காரர், மகளுக்குப் பெயர் அவர் வைத்தது.

“நாங்கல்லாம் தெரிவோமாடா?” என்றாள் அக்கா.

“வீடு தெரியும். ஆள் தெரியாது.”

செங்கொடி பின்னாலிருந்து, “மாமா, வாசல்ல துணி காயப்போட்டிருக்கேன், அதையாவது போடுங்க!” என்று கத்தினாள். வாயாடிக் கழுதை. போட்டுவிட்டேன், கொடியில் மூன்று சேலை.

ஜூன் 15

சாட்டிலைட் படம் ஒரே மூச்சில் எடுத்ததல்ல. ஒரு துண்டு ஜனவரியில் எடுத்திருப்பான், பக்கத்துத் துண்டை மார்ச்சில் எடுத்திருப்பான். இரண்டு தேதியும் சேருமிடத்தில் ஒரு கோடு விழும். ஒட்டு என்போம். ஒட்டு கண்ணில் பட்டால் வாங்கினவன் காறித் துப்புவான்.

இன்று மூன்றாம் டிவிஷனுக்கு மேலே, தேயிலைச் சரிவில், வெளிறிப்போய் ஒரு ஒட்டு. வழக்கமாக ஒட்டு நேராகத்தான் ஓடும். இது வளைந்து, இரண்டு முனையும் கீழே இறங்கி, அரிவாள் மாதிரி நிற்கிறது. எந்தச் சோம்பேறி இப்படி வெட்டினானோ. பக்கத்துச் சரிவிலிருந்து தேயிலையை நகலெடுத்து அதன்மேல் போர்த்தினேன். இரண்டரை மணி நேரம் போயிற்று. இப்போது நானே தேடினாலும் தெரியாது.

மதியம் வெண்டைக்காய்க் குழம்பு. உப்பு தூக்கல். சொன்னால் சண்டை வரும், சொல்லவில்லை.

ஜூன் 27

முடித்து அனுப்பியாயிற்று. அப்பாடா.

ஜூன் 30

வாங்கினவர்கள் எழுதுகிறார்கள். பெங்களூர் டாக்டர் ஒருவர், “ஒரு தழும்பு இல்லாத மலை! நேரில் போனால்கூட இவ்வளவு அழகாக இருக்காது” என்று எழுதியிருக்கிறார். கோமதியிடம் படித்துக் காட்டினேன். “சரி சரி, கேஸ் புக் பண்ணிட்டீங்களா?” என்கிறாள். இவளிடம் போய்க் காட்டினேனே.

ஜூலை 3

மலையில் ஒரு வாரமாக விடாத மழையாம். ஜெயபாலன் போன் செய்தான். அவன் லேசில் போன் செய்கிறவன் இல்லை.

“மாமா, மாசி மாசத்துலேர்ந்தே லைனுக்கு மேல தேயிலைக்குள்ள மண்ணு விரிஞ்சு கெடக்கு, மழையில இப்ப இன்னும் பெரிசாயிடுச்சு. நீளமாப் போகுது. கைய விட்டுப் பாத்தேன், முழங்கை வரைக்கும் உள்ள போகுது. மேனேஜர்கிட்ட சொன்னா, அது எப்பவோ பைப் பதிச்ச பள்ளம்ங்கிறாரு.”

இருபத்து நாலு வீட்டுக்காரர்களும் பாய் தலையணையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்களாம். அங்கே எத்தனை நாளைக்கு இருப்பது? எஸ்டேட்டில் வேறு லைனில் இடம் கொடு என்று கேட்கிறார்கள். ஆபத்து இருக்கிறது என்று காட்டினால்தான் தருவார்களாம்.

“நீங்க சாட்டிலைட் படம் வச்சிருக்கீங்கன்னு செங்கொடி சொல்லுது. மேலேர்ந்து எடுத்தா இது தெரியும்ல? அனுப்புங்க மாமா. அதைக் காட்டிக் கேப்போம்.”

அனுப்புகிறேன் மாப்பிள்ளை என்றேன்.

ஜூலை 4

அனுப்பிவிட்டேன். வந்தபடியே இருக்கிற மூலப் படம் பூதம் மாதிரி பெரிசு, அவன் போனில் திறக்காது. மேலும் பாதி மேகம், ஒன்றும் விளங்காது. நான் முடித்து வைத்த படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதைத்தான் அனுப்பினேன். கீழ் மூலையில் என் பெயரையும் போட்டேன். யார் செய்தது என்று தெரிய வேண்டாமா.

எனக்குத் தெரிந்து அந்தச் சரிவில் வெடிப்பு ஒன்றும் இல்லை. ஜெயபாலன் நல்லவன்தான், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி.

ஜூலை 6

ஏழருவி மேனேஜர் போனில் வந்தார். எஸ்டேட் மேனேஜர்! “சுடலைமணி சாருங்களா? நம்ம எஸ்டேட்ல பிறந்தவராமே நீங்க! படம் பாத்தேன் சார், பிரமாதம். ஒவ்வொரு செடியும் தெரியுது” என்றார். அப்பா அந்த மேனேஜர் பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர். ஒரு நாள்கூட அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நம்பர்தான்.

இது எப்போது எடுத்தது என்று கேட்டார். மார்ச் என்றேன். இன்னொன்றும் கேட்டார், பதில் சொன்னேன். இரண்டு நிமிஷப் பேச்சுத்தான். வைக்கும்போது, “ரொம்ப தேங்க்ஸ் சார், பெரிய உபகாரம் பண்ணீங்க” என்றார்.

கோமதிக்கும் எனக்கும் அன்னபூரணாவில் காபி வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றாள். சும்மாதான் என்றேன்.

ஜூலை 7

அக்கா போன். படத்தைப் பெரிசாகப் பிரின்ட் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்களாம். “உன் பேரு போட்டிருக்குடா! எல்லாரும் ‘பேச்சி தம்பி படம்’ங்கிறாங்க. மார்ச்சுல எடுத்த படத்துல வெடிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, இப்பத் தெரியறது மழையில வாய் பிளந்த பழைய பைப் பள்ளம்தான்னு படிச்சுக் காட்டிட்டாங்க. நேத்து சாயங்காலமே எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டோம். பள்ளிக்கூடத்துல கொசு பிடுங்கித் தின்னுடுச்சு.”

ஜெயபாலன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். “மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். விடு.”

ஜூலை 8

வேறொரு வேலைக்காக ஏழருவியின் மூலப் படத்தைத் திறந்தேன். திறந்தவன் சும்மா மூடியிருக்கலாம்.

அந்த ஒட்டின் இந்தப் பக்கத்துத் துண்டு என்ன தேதி என்று பார்த்தேன். மார்ச் 11. அந்தப் பக்கம் என்ன தேதி என்று பார்த்தேன். மார்ச் 11. ஒரே நாள், ஒரே துண்டு.

கோடு நூற்று நாற்பது மீட்டர் நீளம். வளைவின் இரண்டு முனைக்கும் நேர் கீழே இரண்டு வரிசை லைன் வீடு.

மிக்சியைச் சரிபண்ணக் கொடுத்து ஒரு வாரமாகிறது. கடைக்காரன் இன்று நாளை என்று இழுத்தடிக்கிறான். போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

மார்ச்சில் எஸ்டேட்டில் எதற்காவது மண்ணைத் தோண்டியிருப்பார்கள். பைப் பள்ளம் என்று மேனேஜரே சொல்கிறார். படித்தவர், அங்கேயே இருப்பவர்.

ஜூலை 9

அக்காவுக்குப் போன் போட்டேன். கோமதிக்கு முழங்கால் வலி, எழுந்து நடக்க முடியவில்லை, ஒரு வாரம் வந்து இரு என்றேன். கோமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னேன்.

“செங்கொடியையும் கூட்டிட்டு வாயேன்க்கா.”

“அவளுக்கு எங்கடா லீவு? கொழுந்து பொங்கிக் கெடக்கு, இப்பப் போய்க் கேட்டா நாய் மாதிரி விழுவாங்க. நான் வாரேன்.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூலை 10

அக்கா வந்துவிட்டாள். மத்தியானப் பஸ். பை நிறைய நெல்லிக்காய். கோமதி கெட்டிக்காரி, காலை நொண்டிக் காட்டினாள். ஆனால் அக்கா குளிக்கப் போனதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா வந்து ரொம்ப நாளாயிற்று, அதற்காகத்தான் என்றேன்.

ஜூலை 11

காலையில் மேனேஜர் நம்பரைப் போட்டேன். ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது? சார், அது ஒட்டு என்று நினைத்தேன், அது ஒட்டு இல்லை போலிருக்கிறது, எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றா? அவர் என்னை என்னவென்று நினைப்பார்? முதலில் நன்றாக ஊர்ஜிதம் செய்துகொண்டு சொல்லலாம். புதுப் படம் கேட்டு எழுதியிருக்கிறேன். வர ஒரு வாரம் ஆகும்.

அக்கா கோமதிக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கிறாள்.

ஜூலை 12

மலையில் மழை விட்டுவிட்டதாம். கடவுள் புண்ணியம்.

ஜூலை 13

காலை ஆறே கால் மணிக்குச் சரிந்திருக்கிறது. இரண்டு வரிசையும். ஜெயபாலன் ஃபேக்டரியில் இருந்தான். செங்கொடி வீட்டில் இருந்தாள். டீ போட்டுக்கொண்டிருக்கும் நேரம்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறோம்.

ஜூலை 16

செங்கொடியை இன்று எடுத்தார்கள்.

மூன்று நாளும் நான் அந்தச் சேற்றில்தான் நின்றேன். மண்ணுக்கு மேலே ஒன்றும் இல்லை, எது எங்கே இருந்தது என்று அங்கேயே குடியிருந்தவர்களுக்குக்கூடத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டையும் கையால் வைத்தவன். ஓடுதளத்து முனையிலிருந்து அளந்து, இது ஏழாவது, இது பத்தாவது, இது பன்னிரண்டாவது என்று மீட்புப் படைக்காரர்களுக்குக் காட்டினேன். காட்டின இடத்தில் தோண்டினால் சுவர் வந்தது. “எப்படிங்க இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?” என்றான் ஒருவன். அடுத்த வீட்டை அளக்கப் போனேன்.

மொத்தம் ஒன்பது பேர்.

மேலே சரிவு பிய்ந்துகொண்டு வந்த இடத்தை ஒரே ஒரு முறை பார்த்தேன். அதே வளைவு. ஐயோ, அதே வளைவு.

ஜூலை 22

அக்கா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். போவதற்கு வீடு ஏது. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள், படுக்கச் சொன்னால் படுக்கிறாள். கோமதி நொண்டுவதை மறந்துவிட்டாள். அக்கா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்ட் 2

மேனேஜர் பேசினார். விசாரணை வைத்திருக்கிறார்களாம், பதினாலாம் தேதி, எஸ்டேட் சமுதாயக் கூடத்தில். “அந்தப் பையன் ஜெயபாலன், முன்னாடியே வெடிப்பு இருந்துச்சு, நான் சொன்னேன், கேக்கலன்னு கத்திட்டுத் திரியறான் சார். உங்க படம்தான் எங்களுக்குச் சாட்சி. நீங்க வந்து, இதுதான் சாட்டிலைட் படம்னு ஒரு வார்த்தை சொல்லணும். உங்க அக்கா பொண்ணையே பறிகொடுத்தவர் சொன்னா எடுபடும் பாருங்க.”

வருகிறேன் என்றேன். வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஆகஸ்ட் 5

புதுப் படம் வந்திருக்கிறது. திறக்கவில்லை.

ஆகஸ்ட் 8

ஜெயபாலன் வந்தான், அத்தையைப் பார்க்க. தாடியும் அழுக்குச் சட்டையுமாக வாசலிலேயே நின்றான். அக்கா எழுந்திருக்கவில்லை.

“வெடிப்பு இருந்துச்சு வெடிப்பு இருந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுறியாமே. இருந்துச்சுன்னா எம்மகளை ஏன்டா அங்க விட்டுட்டு வேலைக்குப் போன? தெரிஞ்ச மனுசன் செய்யுற காரியமா அது? தம்பி படத்துலயே இல்ல. நீ உம்பாட்டுக்குப் புளுகாத.”

“அத்தை, கைய விட்டுப் பாத்தேன் அத்தை.” அவ்வளவுதான் சொன்னான். முழங்கையைப் பிடித்துக் காட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். “மாமா, நீங்களாவது சொல்லுங்க. படத்துல ஒரு சின்னக் கீறல்கூடவா தெரியல?”

நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். சொம்பை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் அவன் போய்விட்டான்.

நான் மனுசனா?

ஆகஸ்ட் 11

அக்கா இன்று நாலு வார்த்தை பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

“நீ எதையோ மனசுல போட்டு உழப்பிட்டிருக்கேன்னு தெரியுதுடா. சோறு இறங்கல உனக்கு. உன் படத்தைப் பாத்துட்டுத்தானே எல்லாரும் திரும்பி வந்தாங்கன்னு நினைக்கிறியா? விடுடா. வானத்துலேர்ந்து எடுத்த படத்துலயே தெரியாதது, உனக்கு எப்படித் தெரியும்? நானும் விசாரணைக்கு வாரேன். நானே எந்திரிச்சுச் சொல்லுறேன், எந்தம்பி மேல ஒரு குத்தமும் இல்லன்னு.”

என் தலையைத் தடவினாள். செத்துப்போகலாம் போல இருந்தது.

ஆகஸ்ட் 13

கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “நான் நொண்டுனேனே” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூலப் படத்தில் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பிரின்ட் எடுத்தேன். கடைக்காரன், “நடுவுல ஒரு கோடு விழுந்திருக்கே சார், எடுத்துட்டுப் போடட்டுமா?” என்றான். அப்படியே போடு என்றேன். அக்காவிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னடா என்றாள். ஒன்றுமில்லை என்று எழுந்து வந்தேன்.

ஆகஸ்ட் 14

சமுதாயக் கூடத்தில் இரண்டு பக்கமும் பெஞ்சு. ஒரு பக்கம் எஸ்டேட் ஆட்கள், மறுபக்கம் செத்தவர்களின் வீட்டார். மேனேஜர் எழுந்து வந்து எங்களைத் தன் பக்கத்தில் முதல் பெஞ்சில் உட்காரவைத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஜெயபாலன் அக்காவைப் பார்த்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, இது உங்களுடையதா என்றார் விசாரணை அதிகாரி. ஆமாம் என்றேன். சாட்டிலைட் எடுத்தபடியே இருப்பதா என்றார்.

“இல்லீங்க. நான் டச்சப் பண்ணினது.” பையிலிருந்து மற்றதை எடுத்து மேசையில் வைத்தேன். “இதுதான் எடுத்தபடி இருக்கறது.”

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். மேனேஜர் எழுந்து, “போன்ல நான் கேட்டேனே சார், எடுத்தபடியேதானான்னு! ஆமான்னுதானே சொன்னீங்க?” என்று கத்தினார்.

“ஆமான்னு சொன்னேன்.”

“ஏன் சொன்னீர்கள்?” என்றார் அதிகாரி.

“என்னை சார்னு கூப்பிட்டாருங்க.”

யாரோ பின்னால் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அதிகாரி கையமர்த்தினார். இது வெடிப்பு என்று எப்போது தெரிந்தது என்று கேட்டார்.

“ஜூலை எட்டு.”

“சரிந்தது பதிமூன்று. இடையில் ஐந்து நாள். யாரிடமாவது சொன்னீர்களா?”

“சொல்லலைங்க. அக்காவை மட்டும் வரவழைச்சேன். சம்சாரத்துக்கு முழங்கால் வலின்னு.”

திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்தேன். அக்கா எழுந்து நின்றிருந்தாள். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பக்கத்தில் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

“செங்கொடி வரலைன்னதும் சரின்னுட்டியேடா” என்றாள். குரல் எழும்பவே இல்லை. “எனக்கு ஒரு பொய் சொன்னேல்ல? அவளுக்கும் ஒண்ணு சொல்லியிருக்கக் கூடாதா? உங்கம்மா செத்துட்டான்னு சொல்லியிருந்தாக்கூட எம்மக ஓடி வந்திருப்பாளே.”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெஞ்சில் இருந்த தன் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, கூடத்தைக் குறுக்கே கடந்து, மறுபக்கம் போனாள். ஜெயபாலன் நகர்ந்து இடம் விட்டான்.